சிறகுக்கு ஒரு சான்றிதழ்

அரசு தன் குடிமக்களுக்கு வழங்கும் சான்றிதழ்கள் பலவகைப்படும். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பட்டச் சான்றிதழ், சாரதி அனுமதிப்பத்திரம் முதலியன யாவும் ஏதோ ஒன்றை ஐயத்துக்கிடமின்றி உறுதி செய்வன. இன்னார் இன்ன நாளிற் பிறந்தார், இன்ன நிலம் இன்னாருக்கு உரியது, இன்னார் இன்ன பாடத்தில் தேறினார் என அவை அறுதியிட்டுக் கூறும். இவற்றுக்கு முற்றிலும் மாறான இயல்புடைய சான்றிதழ் ஒன்றும் உலகில் உண்டு. தான் எதனை அறியவில்லை என்பதை அரசே ஒப்புக்கொண்டு, அவ்வறியாமைக்கு எல்லை வகுத்து, அவ்வெல்லைக்குள் ஒருவன் தன் உயிரைப் பணயம் வைத்துப் பறப்பதற்கு இசைவு தரும் சான்றிதழ் அது. தனியார் ஒருவர் தாமே கட்டிய, அல்லது வேற்று நாட்டிலிருந்து தருவித்த விமானத்துக்கு வழங்கப்படும் பரிசோதனைப் பறப்புத் தகுதிச் சான்றிதழே அது. அவ்விமானம் இயந்திரமற்ற மிதவை விமானமாக, அதாவது கிளைடராக, இருக்குமாயின் இச்சான்றிதழின் உட்பொருள் மேலும் தெளிவாகப் புலப்படும். காற்றை மட்டுமே நம்பி எழும் ஊர்தியில், யார் யாரை எதுவரை நம்புவது என்ற வினாவை மறைப்பதற்கு வேறு எதுவும் இல்லை.

இப்பொருளைத் திருகோணமலையில் நிறுத்தி நோக்குவதற்குக் காரணம் உண்டு. கோணேசர் மலையின் செங்குத்தான பிளவினை இராவணன் வெட்டு எனச் சுட்டும் இவ்வூர் மக்கள், அதே இராவணனைப் புட்பக விமானத்தின் தலைவனாகவும் அறிவர். அவ்விமானமும் அவன் கட்டியதன்று, குபேரனிடமிருந்து கவர்ந்தது. ஐதிகத்தை விடுத்து வரலாற்றை நோக்கினும் இவ்வூரின் வானம் பிறர் ஊர்திகளாலேயே நிறைந்திருந்தது. உள்துறைமுகத்தின் மேற்குக் கரையிலுள்ள சீனக்குடாவில் பிரித்தானிய விமானப்படை ஒரு தளத்தை அமைத்திருந்தது. 1942ஆம் ஆண்டு ஏப்பிரில் 9ஆம் நாள் நாகுமோவின் தலைமையில் வந்த யப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த விமானங்கள் துறைமுகத்தையும் தளத்தையும் தாக்கின. 261ஆம் அணியின் ஹரிக்கேன் விமானங்கள் சீனக்குடாவிலிருந்து எழுந்து அவற்றை எதிர்த்தன. அன்று யப்பானிய விமானமொன்று எண்ணெய்த் தாங்கியொன்றின் மீது வீழ்ந்து மூட்டிய தீ பல நாட்கள் எரிந்தது. அதே ஆண்டு ஓகஸ்டில் ஒல்லாந்தரைக் கொண்ட 321ஆம் அணி அங்கே உருவாகி, கற்றலினா நீர்விமானங்களைச் செலுத்தியது. 1957இல் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. இன்று இலங்கை விமானப்படை தன் விமானிகளைப் பயிற்றுவிப்பதும் அங்கேதான்.

எண்பது ஆண்டுகளுக்கு மேலாகத் துறைமுகத்தின் வானில் பறந்தவை பெரும்பாலும் படைகளின் விமானங்கள். எஞ்சியவை படைகளின் இசைவோடு வந்து சென்ற பயணிகள் விமானங்கள். ஊரவர் ஒருவர் தம் முற்றத்திலே சிறகு செய்து, அறிவின் பொருட்டும் மகிழ்ச்சியின் பொருட்டும் அதனைச் செலுத்தும் மரபு இங்கு வேரூன்றவில்லை. வள்ளம் கட்டத் தெரிந்த கைகள் இவ்வூரில் ஏராளம். மரத்தின் ஓட்டமறிந்து பலகையை வளைப்பதும், நீர் புகா வண்ணம் பொருத்துவதும், பாயின் கோணத்தைக் காற்றுக்கேற்ப மாற்றுவதும் தலைமுறை தலைமுறையாகக் கைவந்த கலைகள். கடலுக்குச் செல்வதற்குப் பழகிய அக்கைகள் வானுக்குச் செல்லாமைக்குக் காரணம் திறமைக் குறைவு அன்று.

காற்றும் குறைவில்லை. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் மழையைச் சொரிந்துவிட்டுக் கிழக்கே இறங்கும்போது வெப்பமும் வறட்சியும் மிக்கதாகிறது. யூன், யூலை மாதங்களில் கீழ்க்கரையை வாட்டும் அக்காற்றினைக் கச்சான் என்பர். கச்சான் வீசும் காலத்தில் தரை கொதிக்கும். கொதித்த தரையிலிருந்து வெப்பக்காற்று தூண்போல் மேலெழும். பிற்பகலில் கடலிலிருந்து உள்நோக்கி வரும் குளிர்காற்று அவ்வெப்பக் காற்றினைச் சந்திக்கும் எல்லையிலும் காற்று மேலே தள்ளப்படும். சிறகசைக்காமல் வட்டமிட்டு உயரும் பருந்து அத்தூண்களையே படிகளாகக் கொள்கிறது. மிதவை விமானமும் செய்வது அதுவே. எந்நேரமும் மெல்லக் கீழிறங்கிக்கொண்டிருக்கும் அவ்வூர்தி, தான் இறங்கும் வேகத்தினும் விரைவாக மேலெழும் காற்றினுள் புகுந்தால் உயரும். அதனை விட்டு அகன்றால் தாழும். இக்காலத்துப் போட்டி மிதவை விமானமொன்று ஒரு கிலோமீற்றர் உயரத்திலிருந்து, அமைதியான காற்றில், 40 முதல் 60 கிலோமீற்றர் வரை செல்லவல்லது. சீனக்குடாவின் மேல் அவ்வுயரத்தை எட்டிய ஒருவன் தம்பலகாமத்து வயல்களைக் கடந்து கந்தளாய்க் குளம் வரை இயந்திரமின்றிச் செல்லலாம் என்பது கணக்கு.

ஆயின், இவ்வூர் இளைஞன் ஒருவன் மிதவை விமானமொன்றைக் கட்டி முடித்துவிட்டான் என்று கொள்க. அவனுக்கு வேண்டிய முதற்பொருள் காற்றன்று, காகிதம். இதனை அதிகாரிகளின் வீண் பிடிவாதம் என ஒதுக்கிவிடுதல் எளிது, நியாயமன்று. காகிதம் கேட்கப்படாத காலமும் ஒன்று இருந்தது. அக்காலத்தின் வரலாறு எளிதில் மறக்கத்தக்கதன்று.

யேர்மனியரான ஒட்டோ லிலியென்தால் ஏறத்தாழ 2000 தடவை மிதந்து பறந்தவர். 1894 முதல் ஒரே வடிவத்தில் பல மிதவைகளைச் செய்து விலைக்கும் விற்றார். வாங்கியோரிடம் எவரும் சான்றிதழ் கேட்டிலர். 1896 ஓகஸ்ட் 9ஆம் நாள் அவர் வானிலிருந்து வீழ்ந்தார். மறுநாள் உயிர் நீத்தார். அவரிடமிருந்து மிதவையொன்றை வாங்கிப் பறந்தவர்களுள் பிரித்தானியப் பொறியியலாளர் பேர்சி பில்ச்சரும் ஒருவர். 1899 செப்ரெம்பர் 30ஆம் நாள், தாம் புதிதாகக் கட்டிய இயந்திர விமானத்தைப் பலர் முன்னிலையில் காட்ட அவர் ஏற்பாடு செய்திருந்தார். இயந்திரம் பழுதுற்றது. வந்தோரை வெறுமனே அனுப்ப மனமின்றி, மழை நாளென்றும் பாராது, தமது பழைய மிதவையில் எழுந்தார். வானில் அதன் வாற்பகுதி முறிந்தது. வீழ்ந்தவர் இரு நாட்களில் இறந்தார். அவருக்கு அறிவுக் குறையும் இல்லை. துணிவுக் குறையும் இல்லை. “இன்று இந்த நிலையில் இது பறக்கத் தகுமா?” என்று கேட்பதற்கு, அவரல்லாத, பார்வையாளரும் அல்லாத, மூன்றாவது மனிதர் ஒருவர் அங்கே இல்லாமைதான் குறை. பறப்புத் தகுதிச் சான்றிதழ் எனப்படுவது அந்த மூன்றாவது மனிதரின் கேள்வியே.

அக்கேள்வியை நாடுகள் பின்னர்ச் சட்டமாக்கின. 1919ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கை, நாடு விட்டு நாடு செல்லும் விமானங்களுக்குப் பறப்புத் தகுதிச் சான்றிதழ் வேண்டுமென்றது. 1944 டிசெம்பரில் கையெழுத்தான சிக்காகோ உடன்படிக்கை அதனை உலகப் பொது நெறியாக நிலைநாட்டியது. சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே இலங்கையும் அதனில் இணைந்தது. அவ்வுடன்படிக்கையின் 8ஆம் பின்னிணைப்பு பறப்புத் தகுதி பற்றியது. பெருவிமானங்களுக்கும் உலங்குவானூர்திகளுக்கும் விரிவான நியமங்களை வகுக்கும் அப்பின்னிணைப்பு, மிதவை விமானங்களுக்கென நியமம் எதனையும் வகுக்கவில்லை. எனவே தனியார் மிதவையை என்ன செய்வது என்பது ஒவ்வொரு நாடும் தானே விடை காணவேண்டிய வினாவாக எஞ்சியது. அதற்கு அளிக்கும் விடையில் ஒரு நாட்டின் மனப்பாங்கும் வெளிப்படுகிறது.

வழமையான சான்றிதழின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். ஒரு தொழிற்சாலை புதிய விமானமொன்றை வடிவமைக்கும்போது, அதன் வலிமை, நடத்தை, ஒவ்வோர் உறுப்பின் ஆயுள் ஆகியன யாவும் ஆராயப்பட்டு அவ்வடிவம் அங்கீகரிக்கப்படுகிறது. பின்னர்க் கட்டப்படும் ஒவ்வொரு விமானமும் அவ்வடிவத்துக்கு ஒத்திருக்கின்றதா என்பதே கேள்வி. ஒத்திருப்பின் சான்றிதழ் கிடைக்கும். அச்சுப் பிரதியை மூலப்படியோடு ஒப்புநோக்குவது போன்றது இது. தானே ஒன்றைக் கட்டியவனிடம் மூலப்படி இல்லை. அவன் கையிலிருப்பது உலகில் ஒன்றேயான கையெழுத்துப்படி. ஒப்புநோக்க எதுவும் இல்லாதபோது அதிகாரி எதனைச் சான்றுப்படுத்துவார்?

இதற்கு மிக விரிவான விடையை வகுத்த நாடுகளுள் ஐக்கிய அமெரிக்கா ஒன்று. அங்கே ‘பரிசோதனை’ என்ற பிரிவில் ஆராய்ச்சி, காட்சி, வானோட்டப் போட்டி, தாமே கட்டிய விமானத்தைச் செலுத்துதல் எனப் பல நோக்கங்கள் வகுக்கப்பட்டுள்ளன. விண்ணப்பிப்பவர் முதலில் தம் நோக்கத்தைக் கூறவேண்டும். வெளிநாட்டில் அங்கீகாரம் பெற்றும் அமெரிக்காவில் வடிவ அங்கீகாரம் பெறாத மிதவைகள் பல, காட்சிக்கும் போட்டிக்கும் எனவே சான்றிதழ் பெறுகின்றன. எங்கிருந்து பறப்பது, எந்நிகழ்ச்சிகளில் பங்குகொள்வது என்பவற்றை உரிமையாளர் கடிதமாக எழுதிக் கொடுத்தல் அங்கு வழக்கம். தாமே கட்டியவரோ விமானத்தின் பெரும்பகுதியைத் தம் கல்விக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் தாமே கட்டியமைக்குச் சான்று காட்டவேண்டும். அன்றன்று செய்த வேலையைக் குறித்த நாட்குறிப்பும், மூடப்படுமுன் சிறகின் உட்புறத்தைக் காட்டும் புகைப்படங்களும் அச்சான்றாகின்றன. பரிசோதகர் வரும் நாளில் சிறகு மூடுதுணியால் போர்த்தப்பட்டிருக்கும். உள்ளே விலா எலும்புகள் போன்ற மரச்சட்டங்கள் ஒழுங்காக ஒட்டப்பட்டனவா என்பதை அவர் தம் கண்ணாற் காணவியலாது. கட்டியவனின் நேர்மையையே காணவேண்டும்.

பரிசோதகர் பார்ப்பன பல. நிறையும் சமநிலையும் அவற்றுள் தலையாயன. விமானத்தை நிறுத்து அதன் ஈர்ப்புமையம் எங்கே விழுகிறது எனக் கணிப்பர். அம்மையம் வகுத்த எல்லைக்குப் பின்னே விழுமாயின், மேல்நோக்கிய மூக்கினைத் தாழ்த்த இயலாமற் போகலாம். தராசின் முள் ஒரு விரற்கடை பிறழ்ந்தால் வணிகருக்கு நட்டம். இங்கே உயிருக்கு நட்டம். சுக்கானும் சிறகின் அசையும் பகுதிகளும் செலுத்துபவனின் கைக்கு ஏற்பத் திசைமாறாமல் இயங்குகின்றனவா, பூட்டாணிகள் யாவும் கம்பியாற் கட்டப்பட்டுள்ளனவா, வேகமானி உண்மை சொல்கின்றதா என ஒவ்வொன்றாகப் பார்ப்பர். கீழ்த்திசை நாடுகளில் இன்னுமொன்றும் கூர்ந்து பார்க்கத்தக்கது, அது பசை. 1944இல் இந்தியாவில் மொஸ்கிற்றோ என்னும் மர விமானங்கள் சில வானிலேயே சிதைந்தபோது, ஒட்டுவேலையின் குறையும் ஈரவெப்பக் காலநிலையும் ஆராய்ச்சிக்கு உள்ளாயின. மாரி முழுதும் ஈரமும் ஆண்டு முழுதும் உப்புக்காற்றும் உடைய துறைமுகமொன்றில், சென்ற ஆண்டு உறுதியாயிருந்த ஒட்டு இவ்வாண்டும் உறுதியாயிருக்கும் என்று எவராலும் கூறவியலாது. பரிசோதனைச் சான்றிதழ் பெற்ற விமானத்தை ஆண்டுதோறும் ஒருமுறை ஆய்வுக்கு உட்படுத்தவேண்டும் என்ற விதியின் நியாயம் இதுவே.

யாவும் சரியெனக் கண்டபின்னும் பரிசோதகர் “இது பாதுகாப்பானது” என்று எழுதுவதில்லை. சான்றிதழோடு இணைத்து வரையறைகளின் பட்டியல் ஒன்றைத் தருகிறார். தொடக்கத்திற் குறித்த மணித்தியாலங்கள் வரை, குறித்த பரப்பினுள் மட்டுமே பறக்கவேண்டும். அப்பரப்பு விமான நெரிசலற்ற திறந்த கடலாகவோ, மக்கள் அருகிய நிலமாகவோ இருத்தல் வேண்டும். கூலிக்கு ஆளையோ பொருளையோ ஏற்றுதல் கூடாது. தனியான இசைவின்றி நெருக்கமான குடியிருப்புகளின் மேல் பறத்தல் கூடாது. உடன் வருபவரிடம் இது பரிசோதனை விமானமென வெளிப்படையாகக் கூறவேண்டும். விமானி அமரும் இடத்தின் வாயிலருகே ‘பரிசோதனை’ என்ற சொல்லை, கண்ணுக்குத் தெரியும் அளவில், இரண்டு அங்குலத்துக்குக் குறையாத எழுத்துகளில் எழுதவும் வேண்டும்.

இச்சொல்லே இச்சான்றிதழின் உயிர். தன் ஐயத்தைத் தன் வாயிலிலேயே எழுதிக்கொண்டு பறக்கும் ஊர்தி வேறொன்றில்லை. மேற்கூறிய வரையறைகளை ஒருங்கே நோக்கின் ஓர் அறம் புலப்படும். தன் உயிரைப் பணயம் வைக்கும் உரிமை கட்டியவனுக்கு உண்டு. அயலானின் உயிரைப் பணயம் வைக்கும் உரிமை இல்லை. அறிந்து உடன்படுபவன் அவனோடு ஏறலாம். அறியாதவனைக் கூலி பெற்று ஏற்றலாகாது. தனிமனித சுதந்திரத்தையும் பிறர் நலத்தையும் பற்றி மெய்யியல் வகுப்புகளில் நிகழும் நீண்ட விவாதமொன்று, இங்கே சில வரிகளில், இரண்டு அங்குல எழுத்துகளில், நடைமுறையாகிவிடுகிறது.

தமிழ் இலக்கியத்தில் இவ்வறத்துக்கு ஒரு முன்னுதாரணம் காட்டலாம். சீவக சிந்தாமணியில் சச்சந்தன் தன் தேவி விசயைக்காக மயிற்பொறி ஒன்றைத் தச்சனைக் கொண்டு அமைப்பிக்கிறான். வலப்புறம் திருகினால் எழும்; இடப்புறம் திருகினால் இறங்கும். காப்பியத்தின் கற்பனையழகைப் போற்றுவோர் அதன் நடைமுறை நுட்பமொன்றைக் கவனிப்பதில்லை. பொறி முடிந்ததும் அரசன் அதனை அறையில் வைத்துப் பூட்டவில்லை. ஆபத்து வருமுன்னரே தேவியை அதில் ஏற்றிப் பழக்குகிறான். அஃது ஒரு சோதனைப் பறப்பே. எனினும் கட்டியங்காரனின் வெற்றி முரசொலி கேட்டு அவள் மயங்க, பொறி சுடுகாட்டில் இறங்குகிறது. பொறி பிழைக்கவில்லை, செலுத்தியவளின் உள்ளம் தாங்கவில்லை. எந்திரத்துக்கு வழங்கும் சான்றிதழ் மனிதனுக்கு வழங்கும் சான்றிதழாகாது என்பதைத் திருத்தக்கதேவர் அறிந்திருந்தார் போலும். இன்றும் விமானத்துக்கு ஒரு சான்றிதழும் விமானிக்கு வேறொரு சான்றிதழும் வேண்டப்படுவதன் காரணம் இதுவன்றி வேறில்லை.

பிற நாடுகள் இந்நம்பிக்கையை எவ்வாறு கட்டியெழுப்பின என்பதும் நோக்கத்தக்கது. யேர்மனியில் 1920களின் தொடக்கத்திலிருந்தே பல்கலைக்கழக மாணவர் விமானக் குழுக்கள் தோன்றின. டாம்ஸ்ராட், மூனிச், ஸ்ருட்காட் முதலிய நகரங்களின் மாணவர்கள் தாமே வடிவமைத்து, தாமே கட்டி, தாமே பறந்தனர். கண்ணாடி இழையாற் கட்டிய முதல் மிதவை எனக் கருதப்படும் பீனிக்ஸ், 1957இல் ஸ்ருட்காட் மாணவர் குழுவின் மரபிலிருந்தே பிறந்தது. பின்னர் உலகெங்கும் மிதவைகள் அப்பொருளாலேயே கட்டப்படலாயின. பிரித்தானியாவில் மிதவை விமானங்களின் பறப்புத் தகுதியைப் பரிசோதிக்கும் பொறுப்பு, ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது விதிகள் வரும்வரை, பல பத்தாண்டுகளாகப் பிரித்தானிய மிதவைச் சங்கத்திடமே இருந்தது. அரசு தன் கேள்வியைக் கேட்கும் அதிகாரத்தைப் பறப்போரின் சங்கத்திடமே விட்டுவைத்தது. ஒருவர் கட்டியதை இன்னொருவர் குறை காணுவதும், குறை கண்டவரோடு மறுநாள் சேர்ந்து பறப்பதும் அங்கே பண்பாடாயின.

இந்தியாவில் சிவில் விமானத் திணைக்களத்தின் தொழில்நுட்ப நிலையமே மிதவைகளை வடிவமைத்தது. 1958இல் அசுவினி, 1961இல் ரோகிணி, 1963இல் கார்த்திக், 1970இல் மிருகசீர், 1979இல் ஆர்த்ரா என அவை முதன்முதலில் வானேறின. நாண்மீன்களின் பெயர்களையே அவற்றுக்குச் சூட்டினர். அவற்றுட் சிலவற்றை வடிவமைத்தவர் எஸ். இராமாமிர்தம். அரசு கட்டிய சிறகுகளுக்கு அரசே சான்றிதழ் வழங்குவதில் இடர் ஒன்றுமில்லை. தனிமனிதன் ஒருவன் கதவைத் தட்டியபோதே சோதனை எழுந்தது. மும்பை விமானி அமோல் யாதவ் தம் வீட்டு மொட்டைமாடியிற் கட்டிய விமானம் 2016இல் கண்காட்சியொன்றில் மக்கள் பார்வைக்கு வந்தது. 2017 நவெம்பரில்தான் பதிவு பெற்றது. பறப்பதற்கான இசைவு 2019இலேயே கிட்டியது. அது மிதவையன்று, இயந்திர விமானம் என்பது மெய்யே. ஆயினும் தடை பொறியியலில் மட்டும் இல்லை என்பதை அது காட்டிற்று. இத்தகைய விண்ணப்பத்தை எந்தக் கோவையில் இடுவது என்றறியாத அலுவலகத்துக்கு, அதனைத் திருப்பியனுப்புவதே எளிதாகிவிடுகிறது.

இனி இலங்கையை நோக்குவது தகும். இங்கே பதிவு பெறும் விமானம் 4ஆர் என்ற அடையாளத்தைத் தாங்கும். 2002இல் நிறுவப்பட்ட சிவில் விமானசேவை அதிகாரசபையும், 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டமும் விமானங்களின் பதிவையும் பறப்புத் தகுதியையும் ஆள்கின்றன. தாமே விமானம் கட்டிய இலங்கையர் இல்லாமலும் இல்லை. 1924இல் பிறந்து 2010இல் மறைந்த ரே விஜேவர்தன கேம்பிரிட்ஜிற் பொறியியல் கற்றவர். இரு சில்லு உழவு இயந்திரத்தை உருவாக்கியவர். 1968 ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டத்தில் இலங்கைக்காகப் போட்டியிட்டவர். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராயும் விளங்கியவர். சிறுவிமானங்களைத் தாமே வடிவமைத்துக் கட்டி, முதுமையிலும் தாமே செலுத்தினார். நிலம், நீர், வான் மூன்றையும் ஒரே ஆர்வத்தால் அளந்த அவரது வாழ்வு இந்நாட்டில் இது கைகூடும் என்பதற்குச் சான்று. ஆனால் அவர் கொழும்பின் பெருங்குடியிற் பிறந்தவர்; கல்வியும் செல்வாக்கும் ஒருங்கே வாய்த்தவர். திருகோணமலையின் மீனவக் குடும்பத்து இளைஞன் ஒருவனுக்கு அதே கதவு அவ்வாறே திறக்குமா என்பதே இங்கு எழும் வினா.

இவ்வினாவுக்கு விடை கூறுவோர் அண்மை வரலாற்றை மறந்துவிடலாகாது. 2007 மார்ச் 26ஆம் நாள் விடுதலைப் புலிகளின் சிறுவிமானங்கள் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தைத் தாக்கின. 2008 ஓகஸ்ட் 26ஆம் நாள் இரவு திருகோணமலைக் கடற்படைத் தளமே அவ்வாறு தாக்கப்பட்டது. போர் 2009இல் முடிந்தது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னர் ஆளில்லாச் சிறுவிமானங்களைப் பறக்கவிடுவதும் சிலகாலம் நாடெங்கும் நிறுத்தப்பட்டது. எனவே வானில் தென்படும் அறியாத சிறுவடிவத்தை அரசு அச்சத்தோடு நோக்குவதற்குக் காரணம் இல்லையென்று கூறவியலாது. இவ்வூர் மக்களுக்கும் அதே வானைப் பற்றி அச்சம் உண்டு. விமான ஓசை கேட்டுப் பதுங்குகுழிக்கு ஓடிய தலைமுறையொன்று கிழக்கில் இன்றும் வாழ்கிறது. அரசு மக்களின் கையிலுள்ள சிறகுக்கு அஞ்சியது. மக்கள் அரசின் சிறகுக்கு அஞ்சினர். ஒரே வானத்தின் கீழ் இரு திசையிலும் வேரோடிய இவ்வச்சத்தைப் பொறியியலாளர் எவரும் நிறுத்து அளந்ததில்லை.

எனவே சீனக்குடாவில் எழ விரும்பும் மிதவைக்கு இரு பரிசோதனைகள் உள்ளன. ஒன்று மரமும் பசையும் கம்பியும் தாங்குமா என்பது. மற்றையது ஒருவரையொருவர் நம்பும் வலிமை தாங்குமா என்பது. ஓடுபாதை விமானப்படையினுடையதாதலால் அதன் இசைவின்றி அங்கே எதுவும் எழவியலாது. முதலாவதற்கு உலகம் வழிமுறைகளை வகுத்துவிட்டது. இரண்டாவதற்கும் அதே வழிமுறைகளிலிருந்தே பாடம் பெறலாம் என்பதே இக்கட்டுரையின் துணிபு. பரிசோதனைச் சான்றிதழின் தருக்கம் முழுநம்பிக்கையையும் கோருவதில்லை; முழு அவநம்பிக்கையிலும் தங்குவதில்லை. “உன்னை முற்றாக நம்புவதற்குப் போதிய சான்று இன்னும் இல்லை, எனினும் முற்றாக மறுப்பதற்கும் காரணம் இல்லை. ஆகவே இந்த எல்லைக்குள், இந்த மணித்தியாலங்கள் வரை, பகல் வெளிச்சத்தில், எல்லாரும் காணப் பறந்து காட்டு, எல்லையைப் பின்னர் அகற்றுவோம்” என்று அது பேசுகிறது. நீண்ட பகையின் பின் ஒருவரையொருவர் அறிய முயலும் மக்களுக்கு இதனினும் பொருத்தமான மொழி அரிது.

நடைமுறையில் இதன் தொடக்கம் பெரியதாக இருக்கவேண்டியதில்லை. சோதனைப் பறப்புக்கு வேண்டிய திறந்த கடல் கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் உண்டு. கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் உண்டு. சீனக்குடாவில் விமானங்களைப் பேணும் நுட்பமறிந்த பயிற்றுநர்கள் உண்டு. துறைமுகத்தைச் சூழ வள்ளம் கட்டுவோர் உண்டு. தமிழ், சிங்கள, முஸ்லிம் மாணவர் சிலர் ஒருங்கே அமர்ந்து ஒரு சிறகின் சட்டங்களை ஒட்டுவார்களாயின், ஒவ்வொரு மாலையும் செய்த வேலையை மூன்று மொழிகளிலும் எழுதிக் கையொப்பமிடுவார்களாயின், அந்நாட்குறிப்பே விமானத்தினும் பெறுமதியுடையதாகும். பரிசோதகர் அதனைத்தான் முதலிற் கேட்பார். மூடிய சிறகின் உள்ளே இருப்பதைக் கண்டவர் கட்டியவர்களே. அவர்கள் சொல்வதை அவர் ஏற்பாராயின், அது கருவி கொண்டு அளந்ததனால் அன்று, ஒளிவுமறைவின்றி எழுதப்பட்டிருப்பதனால்.

சான்றிதழ் கிடைத்தவுடன் காற்று மாறிவிடுவதில்லை. சிறகு எந்நேரமும் மெல்லக் கீழிறங்கிக்கொண்டேயிருக்கும். மேலெழும் காற்றைத் தேடிக்கொண்டேயிருக்க வேண்டும். மக்களிடையே நிலவும் நம்பிக்கையின் இயல்பும் இதுவே. ஒருமுறை எழுதிக் கையொப்பமிட்டுப் பெட்டியில் வைத்துவிட்டால் அது நிலைப்பதில்லை. ஆண்டுதோறும் திறந்து, தட்டிப் பார்த்து, தளர்ந்த இடத்தை மீண்டும் ஒட்டவேண்டும். ‘பரிசோதனை’ என்ற சொல்லைத் தன் வாயிலில் எழுதிக்கொள்ள வெட்கப்படாத ஊர்தியே பாதுகாப்பாகப் பறக்கக் கற்றுக்கொள்கிறது. சமூகங்களுக்கும் இது பொருந்தும்.